கேமராவின் தலைமேல் ஒரு சக்கரம்



மார்கழி பிறந்துவிட்டது. காலையில் கோலம், மாலையில் கச்சேரி, அது முடிவதற்குள் பொங்கல். வருடம் முழுக்க அலமாரியில் கிடக்கும் கேமராக்கள் வெளியே வரும் பருவம் இது. வாசகர் படப் பக்கத்துக்கு நீங்கள் அனுப்பும் படங்களும் இப்போதுதான் குவியும். படங்களோடு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப இருக்கிறது: "வெளியில் எடுத்தால் பளிச்சென்று வருகிறது. வீட்டுக்குள் எடுத்தால் ஒன்று ஃபிளாஷ் அடித்து முகம் வெளுத்துப்போகிறது, இல்லையென்றால் படம் ஆடிவிடுகிறது. வேறு லென்ஸ் வாங்க வேண்டுமா?"

பதில் எழுதுவதற்கு முன் அந்தப் படக் கோப்பைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். டிஜிட்டல் கேமரா, ஒவ்வொரு படத்தையும் எப்படி எடுத்தது என்பதை அந்தக் கோப்புக்குள்ளேயே குறித்துவைத்துவிடும். எந்த மோட், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது, லென்ஸின் துளை எவ்வளவு, ஃபிளாஷ் எரிந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும். அண்மையில் வந்த ஒரு படம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கூடத்து ஊஞ்சலில் பாட்டி, மடியில் பேத்தி. பாட்டியின் சிரிப்பு அத்தனை அழகு. பேத்தியின் முகம் மட்டும் கலைந்துபோயிருந்தது. கோப்பில் பார்த்தால் ஆட்டோ மோட், ஷட்டர் 1/15 வினாடி. கேமராவில் பழுது இல்லை, லென்ஸிலும் குறை இல்லை. குழந்தை தலையைத் திருப்புகிற அசைவு 1/15 வினாடியில் நிற்காது, அவ்வளவுதான். "ஷட்டரை 1/125-க்கு ஏற்று" என்று கேமராவிடம் சொல்ல அப்போதே ஒரு வழி இருந்தது. அது கேமராவின் தலைமேல், விரலுக்கு எட்டும் தூரத்தில், ஒரு சக்கரமாக உட்கார்ந்திருக்கிறது.

மோட் டயல் என்று நாம் சொல்கிற அந்தச் சக்கரத்தில் ஆட்டோ மோடைக் காட்டும் பச்சை நிறக் குறி ஒன்று, சில குட்டிப் படங்கள், பிறகு பி, ஏ, எஸ், எம் என்ற எழுத்துகள் இருக்கும். கேனனில் ஏ என்பது ஏவி என்றும், எஸ் என்பது டிவி என்றும் இருக்கும், வேலை ஒன்றுதான். கேமரா வாங்கிய அன்று பச்சையில் நிற்கும் டயல் பல வீடுகளில் பிறகு நகர்வதே இல்லை. இந்த மாத ஆசிரியர் பக்கத்தை முழுவதும் அந்தச் சக்கரத்துக்கே ஒதுக்குகிறேன்.

அதற்கு முன் மூன்று சொற்கள். அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ. லென்ஸுக்குள் இருக்கும் துளைதான் அப்பர்ச்சர். கண்ணின் பாவையைப் போல விரியும், சுருங்கும். லென்ஸின் குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் துளை 25 மி.மீ., எஃப் 10 என்றால் 5 மி.மீ. எண் சிறியதாக இருந்தால் துளை பெரியதாக இருப்பதற்கு இந்த வகுத்தல்தான் காரணம். 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போகும் வரிசையில் ஒவ்வொரு படிக்கும் உள்ளே வரும் ஒளி பாதியாகக் குறைகிறது. ஷட்டர் என்பது அந்த ஒளியை எவ்வளவு நேரம் உள்ளே விடுகிறோம் என்பது. ஐஎஸ்ஓவைக் கூட்டினால், வந்த ஒளியைக் கேமரா பெருக்கிக் காட்டும். கூடவே படத்தில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகளும் பெருகும்.

நம் ஊர் உச்சி வெயிலில் எஃப் 16, ஐஎஸ்ஓ 100 என்று வைத்தால் ஷட்டர் 1/100 அல்லது 1/125 வினாடி இருந்தால் படம் சரியாக வரும். ஒளியை அளக்கும் மீட்டர் இல்லாத கேமரா வைத்திருந்த ஃபிலிம் காலத்துக்காரர்கள் இந்தக் கணக்கை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். ஒற்றை டியூப்லைட் எரியும் நம் கூடத்திலோ ஒளி அதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். நம் கண் தானாகச் சரிசெய்துகொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. கேமராவுக்கு உறைக்கும். அந்தப் பற்றாக்குறையை அது துளையை விரித்து ஈடுகட்ட வேண்டும், அல்லது ஷட்டரை நீட்ட வேண்டும், அல்லது ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டும், அதுவும் போதாவிட்டால் ஃபிளாஷை எழுப்ப வேண்டும். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லும் உரிமை நம்மிடம் இருக்கிறதா என்பதுதான் மோட்களுக்கு இடையில் உள்ள வித்தியாசம்.

பச்சையில் அந்த உரிமை முழுவதும் கேமராவிடம் போய்விடுகிறது. வெயிலில் அதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஒளி தாராளமாக இருக்கும்போது எந்த முடிவும் ஏறக்குறைய நல்ல முடிவாகவே இருக்கும். பேருந்திலிருந்து இறங்கிய கையோடு கேமராவை யாரிடமாவது கொடுத்து "ஒரு படம் எடுங்களேன்" என்று கேட்கும்போது பச்சைதான் சரி. பிரச்சினை எல்லாம் ஒளி குறைந்த இடத்தில்தான். பள்ளி ஆண்டு விழாவில் கடைசி வரிசையிலிருந்து மேடையில் ஆடும் மகளை எடுக்கிறார் ஓர் அப்பா. ஃபிளாஷ் தானாக எழுந்து எரிகிறது. கேமராவோடு வரும் அந்தச் சின்ன ஃபிளாஷ் நான்கைந்து மீட்டருக்கு மேல் எட்டாது. முன்வரிசைக்காரர்களின் பின்னந்தலைகள் வெள்ளை வெளேரென்று விழும், மேடை இருட்டாகிவிடும், மகள் ஒரு நிழலாக நிற்பாள். ஃபிளாஷை அடக்கி வைத்திருந்தால் மேடை விளக்கே அந்தப் படத்துக்குப் போதும். ஆகவே பச்சையை விட்டு நகர மனம் வராதவர்கள் ஃபிளாஷைத் தடுக்கும் குறியையாவது தெரிந்து வைத்திருங்கள். மின்னல் குறுக்கே கோடு போட்ட குறி அது. நிறையக் கேமராக்களில் டயலிலேயே இருக்கும், மற்றவற்றில் மெனுவுக்குள் இருக்கும்.

ஓடும் மனிதன், மலை, பூ என்று இருக்கும் குட்டிப் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாம் எதை எடுக்கப் போகிறோம் என்று கேமராவுக்கு ஒரு குறிப்புக் கொடுக்கிறோம். ஓடும் மனிதன் என்றால் ஷட்டரை வேகமாக்கும், மலை என்றால் துளையைச் சுருக்கும். ஆரம்பத்தில் இவை நல்ல துணைதான். அவற்றில் ஒன்றை மட்டும் பலர் தொடாமலே விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தம். ஒரு ஆளும் பக்கத்தில் நட்சத்திரமும் இருக்கிற இரவு உருவப் பட மோட். கார்த்திகை விளக்கு வரிசைக்கு முன்னால் பெண்ணை நிறுத்தி எடுக்கிறீர்கள். சாதாரண ஃபிளாஷில் பெண் மட்டும் தெரிவாள், விளக்குகள் இருட்டுக்குள் போய்விடும். இந்த மோட் ஃபிளாஷையும் அடிக்கும், அதோடு ஷட்டரையும் சற்று நேரம் திறந்து வைத்திருக்கும். முகத்தில் ஃபிளாஷின் ஒளியும் பின்னால் விளக்குகளின் ஒளியும் சேர்ந்து பதியும். ஃபிளாஷ் அடித்ததும் "முடிந்தது" என்று நகர்ந்துவிடாமல் இன்னும் ஒரு நொடி அசையாமல் நிற்கச் சொல்லுங்கள், கேமராவையும் திண்ணைச் சுவரிலோ தூணிலோ ஊன்றிக்கொள்ளுங்கள்.

இனி எழுத்துகள். இவை ஒரே நாளில் டயலில் வந்து உட்காரவில்லை. ஒளியை அளந்து துளையைத் தானே அமைத்துக்கொள்ளும் கேமராவைக் கோடாக் 1938-லேயே கொண்டுவந்துவிட்டது. சூப்பர் சிக்ஸ்-20 என்று பெயர். விலை அதிகம், சாதாரண மக்கள் கைக்கு அது வரவில்லை. 1976-ல் கேனன் ஏஇ-1 வந்தது. ஷட்டர் வேகத்தை நாம் வைத்தால் துளையை அது வைத்துக்கொள்ளும், உள்ளே ஒரு நுண்செயலி இருந்தது. மறு வருடம் மினோல்டாவின் எக்ஸ்டி வரிசைக் கேமரா ஷட்டர், துளை இரண்டில் எதை வேண்டுமானாலும் நம் கையில் வைத்துக்கொள்ளும் வசதியைக் கொடுத்தது. 1978-ல் கேனன் ஏ-1 இரண்டையும் தானே பார்த்துக்கொள்ளும் புரோகிராம் மோடைச் சேர்த்தது. இன்று நம் டயலில் இருக்கும் பி, ஏ, எஸ் என்ற மூன்று எழுத்துகளும் ஏறக்குறைய அந்த மூன்றாண்டுகளில் வடிவம் பெற்றுவிட்டன. ஃபிலிம் போய் சென்சார் வந்தது, கண்ணாடி போய் மிரர்லெஸ் வந்தது, அவை மட்டும் அப்படியே இருக்கின்றன. ஒருமுறை கற்றுக்கொண்டால் கேமரா மாறினாலும் வீணாகாத பாடம் இது என்பதற்காகத்தான் இந்தப் பழைய கதை.

பி மோடும் பச்சையும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். பி-யில் துளையையும் ஷட்டரையும் கேமராதான் தேர்கிறது. ஆனால் ஃபிளாஷ் நீங்கள் எழுப்பினால் ஒழிய எழாது. ஐஎஸ்ஓவை நீங்கள் வைக்கலாம், படத்தைக் கூட்டியோ குறைத்தோ வெளிச்சமாக்கலாம். கட்டைவிரல் பக்கத்துச் சக்கரத்தைச் சற்றுத் திருப்பினால், அதே வெளிச்சம் தரும் வேறொரு ஜோடியைக் கேமரா காட்டும். 1/125-ம் எஃப் 8-ம் என்றிருந்தது 1/500-ம் எஃப் 4-ம் என்று மாறும். பச்சையிலிருந்து வெளியே வர அஞ்சுகிறவர்களுக்கு முதல் படி இதுதான்.

ஆனால் நீங்கள் நின்று பழக வேண்டிய இடம் ஏ. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டுப் படங்களில் நாம் உண்மையில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் ஒன்றே: யார் அல்லது எது தெளிவாகத் தெரிய வேண்டும், பின்னால் இருப்பது எவ்வளவு மறைய வேண்டும். அதைத் தீர்மானிப்பது துளை. ஏ மோடில் துளையை நீங்கள் வைக்கிறீர்கள், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்கிறது.

பாட்டியின் முகத்தைத் தனியாக எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் துணி காயும் கொடி, சுவரில் மாட்டிய காலண்டர், தண்ணீர்க் கேன். துளையை விரித்தால் அவையெல்லாம் கரைந்து முகம் மட்டும் நிற்கும். கேமராவோடு வரும் 18-55 லென்ஸை 55-க்கு நீட்டினால் பெரும்பாலும் எஃப் 5.6-க்குக் கீழே போகாது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று இருந்தால், அதே நேரத்தில் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி உள்ளே வரும். "என்ன லென்ஸ் வாங்கலாம்" என்று கேட்டு எழுதியவர்களுக்கு என் பதில் இதுதான், அதுவும் ஏ மோடில் சில வாரம் பழகிய பிறகு. லென்ஸ்களிலேயே விலை குறைந்தவற்றில் ஒன்று அது. ஆனால் ஒரு எச்சரிக்கை. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று 1.8-ல் எடுத்தால், தெளிவாக இருக்கும் ஆழம் 7 சென்டிமீட்டர்கூடத் தேறாது. பாட்டி முகத்தைச் சற்றுத் திருப்பினால் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் கலங்கியும் வரும். கேமராவுக்கு அருகில் இருக்கும் கண்ணில் ஃபோகஸை வையுங்கள், எஃப் 2.8 அல்லது 4-க்கு வாருங்கள்.

கல்யாண மண்டபத்தில் மூன்று வரிசையாக உறவுக்காரர்கள் நிற்கும் படத்துக்கு நேர் எதிர். அங்கே எஃப் 8. பின்வரிசையில் நிற்கும் சித்தப்பா கலங்கலாக விழுந்தால், அந்தப் படம் ஆல்பத்தில் இருக்கும் வரை அவர் அதைச் சொல்லிக்கொண்டே இருப்பார், நியாயமும் அவர் பக்கம்தான். ஃபோகஸை முன்வரிசையில் வைத்துவிடாமல் அதற்கு அடுத்த வரிசையில் வையுங்கள்.

ஏ மோடின் ஆபத்து ஒன்றே ஒன்று. துளையில் கவனமாக இருக்கும்போது ஷட்டர் சத்தமில்லாமல் கீழே இறங்கிவிடும். வியூஃபைண்டரில் பார்க்கும்போது அந்த எண்ணையும் ஒரு பார்வை பாருங்கள். கையில் பிடித்து எடுப்பதற்கு லென்ஸின் மி.மீ. எண்ணுக்குக் குறையாத வேகம் வேண்டும் என்பது பழைய கணக்கு. சிறிய சென்சார் கேமராக்களில் இன்னும் சற்றுக் கூட. 50 மி.மீ. என்றால் 1/80 பக்கம். லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி இருந்தால் அதற்கும் கீழே போகலாம், ஆனால் அந்த வசதி நம் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், எதிரில் குதிக்கும் குழந்தையைத் தடுக்காது. குழந்தைக்கு 1/125 வேண்டும், ஓடினால் 1/500. ஐஎஸ்ஓவை ஆட்டோவில் போட்டு, ஷட்டர் 1/125-க்குக் கீழே இறங்கக் கூடாது என்று மெனுவில் வைத்துவிட்டால் ஏ மோடின் இந்தக் குறையும் தீர்ந்துவிடும். இப்போதைய கேமராக்கள் பலவற்றில் அந்த வசதி இருக்கிறது. ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறினால் புள்ளி தட்டுமே என்று சிலர் பயப்படுகிறார்கள். புள்ளி தட்டிய படத்தைப் பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டலாம். ஆடிய படத்தை எதுவும் செய்ய முடியாது.

எஸ் மோடுக்கு அசைவு என்று ஒன்று எதிரில் இருக்க வேண்டும். அலங்காநல்லூரில் வாடிவாசலிலிருந்து பாயும் காளையை எடுக்க 1/1000-க்குக் குறைந்த வேகத்தால் முடியாது. வெயில் இருப்பதால் ஐஎஸ்ஓ 400-லேயே அந்த வேகம் கிடைத்துவிடும். ஃபோகஸைத் தொடர் ஃபோகஸில் வைக்க மறக்காதீர்கள். அருவிக்கு நேர் எதிர்க் கணக்கு. குற்றாலத்தில் தண்ணீர் பட்டு நூலாக இறங்குவதுபோல் படம் வேண்டுமென்றால் 1/4 வினாடி, 1/2 வினாடி என்று இறங்க வேண்டும், முக்காலி கட்டாயம். பகல் வெளிச்சத்தில் எஃப் எண் திரையில் மின்னினால், "துளையை இதற்கு மேல் சுருக்க என்னால் முடியாது, படம் வெளுத்துவிடும்" என்று கேமரா சொல்கிறது என்று பொருள். அப்போது லென்ஸுக்கு முன்னால் ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி ஃபில்டர் போட வேண்டும், அல்லது சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும். சாயங்காலம் எனக்குப் பிடிக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அங்கேதான் எஸ் மோடின் ருசி. தவில்காரரை எடுத்துப் பாருங்கள். வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் குச்சி. 1/1000-ல் எடுத்தால் விரலின் ரேகைவரை தெரியும். ஆனால் கை தவில்மேல் சும்மா வைத்ததுபோல் இருக்கும், சத்தமே கேட்காது. 1/60-க்கு இறக்குங்கள். முகம் நிற்கும், தோளில் கிடக்கும் துண்டின் கரை நிற்கும், கை மட்டும் விசிறியாக விரியும். தனி ஆவர்த்தனத்தின் வேகம் அந்தக் கலங்கலில்தான் இருக்கிறது. முகமும் சேர்ந்து ஆடிப்போகிற படங்கள் நிறைய விழும். தொடர் கிளிக்கில் போட்டு எடுத்து, முகம் நின்ற ஒன்றைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும்.

எஸ் மோடில் இன்னொரு உபயோகம். மண்டபத்திலும் சபாவிலும் எடுத்த படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுகின்றன என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைந்து எரிகின்றன. ஷட்டர் 1/100 அல்லது 1/50 என்று இருந்தால் ஒரு முழுத் துடிப்போ இரண்டோ படத்துக்குள் அடங்கிவிடும், பட்டை விழாது. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்தத் தொல்லை அதிகம்.

எந்த மோடில் இருந்தாலும், கூட்டல் கழித்தல் குறி போட்ட அந்தப் பொத்தானைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க முடியாது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷன். கேமராவின் மீட்டருக்கு உலகம் மொத்தமும் நடுத்தரச் சாம்பல் நிறம். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகப் பத்துப் பேர் நின்றால் "வெளிச்சம் கூடிவிட்டது" என்று எண்ணிக் குறைக்கும், வேட்டி பழுப்பேறிப்போகும். அங்கே கூட்டல் 1. கோயில் யானை படம் முழுக்க நிறைந்து நின்றால் "இருட்டாக இருக்கிறது" என்று கூட்டும். யானை சாம்பல் பூசியதுபோல் வரும். அங்கே கழித்தல் 1. மார்கழிக் கோலம் இதில் நல்ல பயிற்சி. சாணம் தெளித்த ஈரத் தரை படத்தில் முக்கால் பங்கு, அதன்மேல் மாவுக் கோடுகள். தரையைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கோடுகள் வெளிறி, மாவின் சொரசொரப்பும், இழை முடிகிற இடத்தில் விரல் தயங்கிய சிறு திரட்சியும் காணாமல் போகும். முக்கால் படியோ ஒரு படியோ கழியுங்கள். அகல் விளக்கு, கற்பூர ஆரத்தி என்றால் இரண்டு படிவரை கழிக்கலாம். ஏ மோடும் இந்தப் பொத்தானும் கைக்கு வந்துவிட்டால், வீட்டுக்குத் தேவையான படங்களில் பெரும்பகுதி வந்துவிட்டது.

அப்படியானால் எம்? "எம்மில் எடுத்தால்தான் அசல் போட்டோகிராஃபர்" என்று யாரோ சொல்லக் கேட்டு, கேமராவையே வெறுத்து மூட்டை கட்டிவைத்தவர்களின் கடிதங்கள் எனக்கு வந்திருக்கின்றன. அந்தப் பேச்சு தவறு என்று தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். எம் ஒரு பட்டம் கிடையாது. ஒளி மாறாமல், காட்சி மட்டும் மாறிக்கொண்டே இருக்கும் இடங்களுக்கான கருவி. பரதநாட்டிய மேடையை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் கறுப்புத் திரை, முன்னால் ஆடுகிறவர்மேல் விளக்கு. அவர் மேடையின் மூலைக்குப் போனால் படத்தில் திரை அதிகமாகிவிடும். ஏ மோடில் கேமரா வெளிச்சத்தைக் கூட்டி முகத்தை வெளுக்க வைக்கும். கிட்டே வந்தால் மறுபடி குறைக்கும். முகத்தின்மேல் விழும் விளக்கோ மாறவே இல்லை. அங்கே எம்முக்குப் போய் எஃப் 2.8, 1/250, ஐஎஸ்ஓ 1600 என்பதுபோல் தொடங்கி, ஓரிரு படம் பார்த்துச் சரிசெய்துகொண்டு, பிறகு எண்களை மறந்துவிட்டு அபிநயத்தைக் கவனிக்கலாம். வாணவேடிக்கைக்கும் எம்தான், முக்காலியில் நிறுத்தி ஐஎஸ்ஓ 100, எஃப் 8 அல்லது 11, ஷட்டர் இரண்டு முதல் நான்கு வினாடி.

கருவியைப் பற்றிப் பேசும்போது ஒருவர் நினைவுக்கு வருகிறார். காட்டுயிர் எழுத்தாளரும் படக்காரருமான மா. கிருஷ்ணனை நம் வாசகர்களில் மூத்தவர்கள் அறிவார்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களை இணைத்துத் தன் தேவைக்கேற்பத் தானே கேமரா அமைத்துக்கொண்டவர், அதற்கு சூப்பர் பாண்டரோசா என்று பெயரும் வைத்திருந்தார். அவருடைய கறுப்பு வெள்ளை யானைப் படங்களில் தோலின் மடிப்பு ஒவ்வொன்றும் தெரியும். அவரை நினைக்கும்போது எனக்குத் தோன்றுவது, அவர் கருவியை எவ்வளவு நேசித்தாரோ அதைவிட அதிகம் யானையை நேசித்தார் என்பது. எதை எடுக்கப் போகிறோம் என்பது மனத்தில் தெளிவாக இருந்ததால்தான் கருவியைத் தனக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்ள அவரால் முடிந்தது.

செல்போனில் மட்டுமே படம் எடுக்கும் வாசகர்கள் இதுவரை படித்துவிட்டுத் தங்களுக்கு இதில் ஒன்றும் இல்லை என்று எண்ண வேண்டாம். பெரும்பாலான போன்களில் துளை மாறாது, ஆகவே அங்கே ஏ மோடுக்கு வேலை இல்லை. போர்ட்ரெய்ட் என்று வரும் பின்னணிக் கலங்கல் போன் கணக்குப் போட்டு உருவாக்குவது; மல்லிகைச் சரத்தின் ஓரத்திலும் கலைந்த முடியிலும் அது தடுமாறுவதைக் கூர்ந்து பார்த்தால் தெரியும். நைட் மோட் பல படங்களை அடுக்கி எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. கோபுரத்துக்கு அது அற்புதம், ஓடும் குழந்தைக்கு உதவாது. புரோ மோட் உள்ள போனில் ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் நாமே வைக்கலாம். இங்கே எஸ் மோடைப் பற்றிச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். புரோ இல்லாத போனிலும் திரையில் முகத்தைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுக்க முடியும். கூட்டல் கழித்தல் பொத்தானின் வேலை அதுதான்.

பொங்கல் காலைக்கு ஒரு யோசனை. முதல்நாள் இரவே பேட்டரியை ஏற்றி, கார்டைக் காலிசெய்து, டயலை ஏ-யில் நிறுத்திவிடுங்கள். எஃப் 4, ஐஎஸ்ஓ ஆட்டோ, குறைந்தபட்ச ஷட்டர் 1/125. பானையில் மஞ்சள் கொத்துக் கட்டுவது, அடுப்பு மூட்டுவது, கரும்பை ஊன்றுவது எல்லாவற்றுக்கும் இது போதும். ஃபிளாஷ் வேண்டாம், பானைக்கு முன்னால் குனிந்திருக்கும் முகத்தில் அடுப்பின் செந்நிறம் விழுவதுதான் படம், ஃபிளாஷ் அதைத் துடைத்துவிடும். புகை வெள்ளையாகச் சட்டம் முழுக்கச் சூழ்ந்தால் கூட்டல் 1. பால் விளிம்புக்கு ஏறும் நேரத்தில் டயலை எஸ்-க்குத் திருப்பி 1/500-ல் வைத்துக்கொண்டு, தொடர் கிளிக்கில் காத்திருங்கள். பானையை மட்டும் பார்க்காதீர்கள். "பொங்கலோ பொங்கல்" என்று கூவும்போது குழந்தைகளின் வாயும், சங்கு ஊதுகிறவரின் கன்னமும், பின்னால் கைகூப்பி நிற்கிற அம்மாவும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி ஓரடி பின்னால் நகர்ந்து நில்லுங்கள்.

படங்களை நம் பொங்கல் இதழுக்கு அனுப்பும்போது மின்னஞ்சலில் அசல் கோப்பாகவே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக இணையுங்கள். போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், உள்ளே பதிந்த விவரங்களும் போய்விடும். தேர்வாகும் படங்களுக்குக் கீழே இனி மோட், எஃப் எண், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ நான்கையும் அச்சிடப் போகிறோம். சரியாக வராத படம் எதுவும் உங்களை உறுத்திக்கொண்டிருந்தால் அதையும் தனியாக அனுப்புங்கள். தை இதழில் அவற்றில் சிலவற்றை எடுத்துவைத்து, எந்த மோடில் எப்படி எடுத்திருக்கலாம் என்று இதே பக்கத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்